விசையும் அசைவும்: கீபோர்டில் கமகம்

கமகமே கருநாடக இசையின் உயிர் என்பர். சுரம் தன் நிலையில் அசைந்தும் அடுத்த சுரத்தைத் தொட்டு மீண்டும் இராக வடிவம் கொள்கிறது. அழுத்தினால் ஒலி, விட்டால் மௌனம் என்னும் அமைப்புடைய கீபோர்டு இதனை எங்ஙனம் ஏற்கும்? சிங்கப்பூரின் பக்திப்பாடல் நிகழ்ச்சிகளிலும் நாட்டிய மேடைகளிலும் இக்கருவி இடம்பெற்றுவிட்டமையின் இவ்வினா ஆராயத்தக்கது.

எதிர்ப்பு புதிதன்று. அனைத்திந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்தது. அதன் சுரங்கள் சமமாகப் பகுக்கப்பட்டவை என்பது ஒரு குறை. குழைவு இல்லை என்பது மற்றொன்று. முன்னது அத்துணை வலுவுடையதன்று. ஸ்தாயியைச் சம அளவாகப் பகுப்பதே தமிழிசை மரபென ஆபிரகாம் பண்டிதர் 'கருணாமிர்த சாகரத்'தில் (1917) வாதிட்டார். அவரை ஏற்காதோர்க்கும் இன்று வழியுண்டு. அரைச்சுரத்தை நூறு கூறாக்கின், இயல்பான அந்தர காந்தாரம் கீபோர்டின் காந்தாரத்தைவிட ஏறத்தாழ 14 கூறு தாழ்ந்தது. தனித்தனிச் சுரத்தைத் திருத்தும் வசதியுள்ள கருவிகளில் இதனைச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் கமகம் இடம் பற்றியதன்று, இயக்கம் பற்றியது. எத்துணைத் திருத்தினும் நிலைத்த சுரம் அசையாது.

அசைவைத் தருவது கருவியின் இடப்புறத்துள்ள சுருதி வளைக்கும் சக்கரமே. பெரும்பாலும் அது மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் வளையுமாறு அமைந்திருக்கும். தோடியின் சாதாரண காந்தாரம் மத்திமத்தைத் தொட்டு அசைவதற்கு இது மட்டாகப் போதும். அதே காந்தாரத்திலிருந்து பஞ்சமத்திற்கு ஜாரு இழுக்க நான்கு அரைச்சுரம் வேண்டும். எல்லையை விரித்தாலோ விரலின் சிறு நகர்வும் பெரும் வளைவாகி நுண்மை கெடும். வில் விசையால் சக்கரம் தானே நடுவுக்குத் திரும்பும்; அதற்குமுன் சுரத்தை முடிக்காவிடில் அதன் வால் ஒலிக்கும். விசைதோறும் ஒலி புதிதாகத் தட்டி எழுவதைத் தவிர்க்க, ஒற்றைக்குரல் முறையைத் தேர்ந்துகொள்வர். இவற்றுக்கெல்லாம் விலையாக இடக்கை முழுதும் சக்கரத்திற்கே உரியதாகிறது.

இவ்விலையைக் கொடுக்கத் துணிந்தவர் சென்னையின் கே. சத்யநாராயணன். சிறுவயது முதலே கீபோர்டில் தனிக்கச்சேரி செய்துவருபவர். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் கருவியின் தந்தியமைப்பையே மாற்றிக்கொண்டார். கீபோர்டுக் கலைஞர்க்கு அவ்வாய்ப்பு அரிது. ஆகவே மாற்றம் கையில் நிகழ வேண்டியதாயிற்று. ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்க இடந்தரும் எம்.பி.இ. எனும் மிடி நெறிமுறை 2018இல் ஏற்கப்பட்டது. எனினும் அதற்கெனச் செய்யப்பட்ட கருவியும் வேண்டும்.

சிங்கப்பூர் மேடைகளில் நான் கேட்டவற்றுள் குறை வேறிடத்தில் உள்ளது. சாதாரணக் கீபோர்டில் சக்கரம் ஒரே தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் ஒருங்கே வளைக்கும். இடக்கை 'கார்டு' பிடித்தால் அதுவும் சேர்ந்து ஊசலாடும். எனவே ஒன்று கார்டு, அன்றேல் கமகம். பலர் திரையிசைப் பழக்கத்தால் கார்டையே தேர்கின்றனர். பாடகர் சகானாவில் குழைய, அடியில் கார்டு அசையாது நிற்கிறது. பழி கருவிக்குப் போகிறது.

வீட்டில் கீபோர்டை வைத்துச் சரளி வரிசை பயிலும் பிள்ளைகள் நிலை இன்னும் கவலைக்குரியது. சுருதி ஒத்துக்கொள்ள அது உதவும். சுரத்தைப் புள்ளியாக எண்ணும் பழக்கத்தையும் உடன் தரும். வருணம் தொடங்கும்போது ஆசிரியர் அப்புள்ளியைக் கலைக்க நெடுநாள் உழைக்க வேண்டியுள்ளது.