பத்திரம் சொல்லாத குடித்தனம்

குஜிலியம்பாறைப் பக்கம் பழைய வீடு வாங்குகிறவர்கள் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள். யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பது அவற்றில் தெரிந்துவிடும். உள்ளே யார் வாழ்ந்தார்கள் என்பது தெரியாது. வீடுகளின் வரலாற்றை எழுதுகிறவர்களும் பெரும்பாலும் பத்திரத்தின் பின்னாலேயே போய்விடுகிறார்கள். அதனால் என்ன விடுபடுகிறது என்பதற்குச் சென்னைக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸே சாட்சி.

1842-ல் பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடரின் நிறுவனம் கட்டிய கிடங்கு அது. அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பலேறி வந்து அங்கே இறங்கியது. இங்கேயே ஐஸ் செய்யும் வழி வந்ததும் வியாபாரம் படுத்தது. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் கட்டடத்தை வாங்கிக் குடியிருக்கும் வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கினார். 1906-ல் வீடு ஏலத்துக்குப் போனது. 1917-ல் அரசு வாங்கியது.

உரிமையாளர் பட்டியல் அதோடு நின்றுவிடுகிறது. வீடு பெரிய காரியம் செய்யத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். சகோதரி சுப்புலட்சுமி தாமே குழந்தை விதவை; 1911-ல் பட்டம் பெற்றவர். தலை மழிக்கப்பட்டு, வீட்டு மூலையில் ஒதுக்கப்பட்ட சிறுமிகளை ஐஸ் ஹவுஸ் விடுதியில் தங்கவைத்துப் படிக்கவைத்தார். ஆசிரியைகளாக, சொந்தச் சம்பளத்தோடு அவர்கள் வெளியே வந்தார்கள். பிராமண விதவைகளுக்கான விடுதி அது என்ற வரம்பை மறைக்க வேண்டியதில்லை. அந்த வரம்புக்குள்ளும் நடந்தது மறுபிறப்பு.

1963-ல், விவேகானந்தரின் பிறந்த நூற்றாண்டை ஒட்டி, கட்டடம் விவேகானந்தர் இல்லமானது. ஒன்பது நாள் தங்கியவருக்கா முழு வீடும் என்று கேட்பது அவசரக் கேள்வி. அவர் அனுப்பிய இராமகிருஷ்ணானந்தர் 1897 முதல் 1906 வரை அங்கேதான் இராமகிருஷ்ண மடத்தை நடத்தினார். தென்னாட்டில் அந்த இயக்கம் வேர்விட்ட இடம் அது. எனவே பெயர் தகுதியானதே. 1997-ல் குத்தகைக்கு எடுத்த மடம் கட்டடத்தைச் சீராக்கிக் காப்பாற்றியதும் உண்மை.

ஆனால் அந்தக் கட்டடம் தாங்கிய பெயர்களில் ஒன்று சரக்கைச் சொல்கிறது, இன்னொன்று பிலிகிரி தம் நண்பரான நீதிபதி கெர்னனுக்குச் செய்த மரியாதை, மூன்றாவது துறவியுடையது. அங்கே வாழ்க்கையைத் திரும்பப் பெற்ற பெண்களுக்கு ஒரு பெயரிலும் இடமில்லை. அவர்களிடம் பத்திரம் இல்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. விவேகானந்தர் பெயர் இருக்கட்டும். அதே வாசலில், அதே அளவு எழுத்தில், சுப்புலட்சுமியின் பெயரும் இருக்க வேண்டும்.