காதால் பார்க்க வேண்டிய படம்

2024 ஆகஸ்ட் 23 அன்று இரண்டு நல்ல தமிழ்ப் படங்கள் ஒன்றாகத் திரைக்கு வந்தன. மாரி செல்வராஜின் ‘வாழை’யை மக்கள் கண்ணீரோடு ஏற்றுக்கொண்டார்கள். பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’யைப் பார்த்த பலர் குழம்பிப்போய் எழுந்து சென்றார்கள். அந்தக் குழப்பம் எனக்குப் புரிகிறது. எந்த இடத்தில் பதற வேண்டும், எந்த இடத்தில் இரங்க வேண்டும் என்று நமக்குச் சொல்லிக்கொடுக்கும் பின்னணி இசை இந்தப் படத்தில் ஒரு துளியும் கிடையாது.

பாட்டில்லாத படங்கள் தமிழுக்குப் புதிதல்ல. எஸ். பாலசந்தர் 1954-லேயே ‘அந்த நாள்’ எடுத்துவிட்டார். பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்திலும் பாட்டில்லை. ஆனால் இளையராஜாவின் வயலின்கள் உண்டு. வினோத்ராஜ் அதையும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

கதையை நான்கு வரியில் சொல்லிவிடலாம். மீனா வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். பேய் பிடித்திருக்கிறது என்று வீட்டார் முடிவுகட்டி, ஆட்டோவிலும் பைக்கிலுமாகச் சாமியாடியிடம் கூட்டிப் போகிறார்கள். அவளைக் கட்டிக்கொள்ளப் போகும் முறைமாமன் பாண்டியும் கூடவே வருகிறான். படம் முழுக்க அந்தப் பயணம்தான்.

இந்தப் பயணத்தை நான் கண்ணைவிடக் காதால்தான் அதிகம் பார்த்தேன். ஆட்டோ இன்ஜினின் விடாத படபடப்பு, பைக்குகளின் உறுமல், பலி கொடுக்கக் கொண்டுபோகும் சேவலின் கொக்கரிப்பு, பெண்களின் ஊர்ப்பேச்சு, வெட்டவெளிக் காற்று. சுரேன், அழகியகூத்தன் இருவரின் ஒலி வடிவமைப்பு இவற்றை அடுக்கும் விதத்தில் தாளம் தானாக எழுகிறது. வண்டி நிற்கும்போது இன்ஜின் சத்தமும் அடங்குகிறது. அதுவரை அந்த இரைச்சல் மூடி வைத்திருந்த பயம் முழுதாக நம் முன்னால் வந்து நிற்கிறது. எத்தனை வயலின் வாசித்தாலும் அந்தக் கனம் வந்திருக்காது.

பாண்டியாக வரும் சூரியின் குரலுக்கு வருகிறேன். பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. கழுத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறான். அதட்ட நினைக்கும் மனிதனுக்குக் கரகரத்த பாதிக் குரல்தான் வருகிறது. சிரிப்பு நடிகராக நாம் அறிந்த ஒருவர், ‘விடுதலை’யில் வேறொரு முகம் காட்டியவர், இங்கே அந்த உடைந்த தொண்டையை வைத்தே ஆண் அதிகாரத்தின் அவலத்தைச் சொல்லிவிடுகிறார். எதிரே மீனாவாக அன்னா பென். மீனா கிட்டத்தட்டப் பேசுவதே இல்லை. ஆனால் அவள் மௌனத்தில் துளியும் பலவீனம் தெரியவில்லை. குரல் கொடுக்க முடியாதவன் கத்திக்கொண்டே இருக்கிறான். குரல் உள்ளவள் கொடுக்க மறுக்கிறாள். படத்தின் மோதல் முழுவதும் இந்த இரு தொண்டைகளுக்கு இடையில்தான்.

அந்த மௌனம் ஓரிடத்தில் நெகிழ்கிறது. வழியில் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஒன்று வருகிறது. மீனா தன்னையறியாமல் அதை முணுமுணுக்கிறாள். அவ்வளவுதான், பாண்டிக்கு வெறி பிடித்துவிடுகிறது. அவளையும் தடுக்க வந்த பெண்களையும் அடித்துத் துவைக்கிறான். இசையே இல்லாத படத்தில் வந்த ஒரே பாட்டு ஒரு பெண்ணுக்கு அடி வாங்கித் தருகிறது. அந்த முணுமுணுப்பு அவளுக்குள் இன்னும் உயிரோடிருக்கும் காதல் என்பது அவனுக்கும் புரிகிறது, நமக்கும் புரிகிறது. பின்னணி இசை நிறைந்த படமாக இருந்தால் அந்தச் சிறு முனகல் நம் காதில் விழுந்தே இருக்காது.

மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த வினோத்ராஜுக்கு நடையும் வெயிலும் புதிதல்ல. ரோட்டர்டாம் விழாவில் 2021-இல் டைகர் விருது வென்ற ‘கூழாங்கல்’ படத்தில் ஒரு தகப்பனையும் மகனையும் பொட்டல் காட்டில் நடக்கவிட்டவர் அவர். அங்கே சிறுவன் தாகத்துக்கு வாயில் போட்டுக்கொண்ட கல்லை, வீட்டில் ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் கற்களோடு வைப்பான். அந்த நடை எத்தனையாவது முறை என்பது வசனமில்லாமலே தெரிந்துவிடும். அந்த எளிமையோடு ஒப்பிட்டால், ‘கொட்டுக்காளி’யின் குறியீடுகள் சில கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். கல்லோடு கட்டப்பட்ட சேவலுக்கும் மீனாவுக்கும் உள்ள உறவைப் படம் தேவைக்கு மேலேயே காட்டுகிறது. ஆனால் ஆண்கள் அத்தனை பேரும் திணறும்போது, வழிமறித்து நின்ற காளையை ஒரு சின்னப் பெண் சாதாரணமாக வந்து ஓட்டிக்கொண்டு போகிறாளே, அந்த இடம் அபாரம். அதில் விளக்கம் எதுவுமில்லை.

முடிவைப் பற்றித்தான் சண்டை. சாமியாடி இன்னொரு பெண்ணுக்குப் பேயோட்டும் விதத்தைப் பாண்டி பார்க்கிறான். முதல்முறையாக அவன் தடுமாறுகிறான். அடுத்து அவன் என்ன செய்தான் என்று படம் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்போம். அந்த நிம்மதியைத் தர மறுத்ததற்காகவே வினோத்ராஜை நான் மதிக்கிறேன். சமீபத்தில் வந்த தமிழ்ப் படங்களில் பார்வையாளரை இத்தனை நம்பிய படம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மின்விசிறியின் சத்தம்கூட இந்தப் படத்துக்கு இடைஞ்சல்தான். நல்ல ஹெட்போன் மாட்டிக்கொண்டு, செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, ஒரே மூச்சில் பாருங்கள்.