ஊர்தித் தேர்வும் ஊர் நலனும்

மக்கள் நெருங்கி வாழும் நகரத்திற்கு விரைவுப் போக்குவரத்து இன்றியமையாதது என்பதில் இன்று கருத்து வேற்றுமை இல்லை. எவ்வகை ஊர்தி வேண்டும் என்னும் வினா எழும்போதே வழக்குத் தொடங்குகின்றது. ஒற்றைத் தூலத்தின்மேல் ஓடும் மோனோறெயிலே தக்கதென்பர் ஒருசாரார். இருதண்டவாளத்தில் ஓடும் இலகு புகையிரதமே சாலும் என்பர் மற்றொரு சாரார். கொழும்பு மாநகரில் இவ்வழக்கு நடந்தவாற்றை ஆராய்ந்து, அதனின்று நம் திருக்கோணமலை பெறத்தக்க பாடம் யாதெனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யப்பானிய சர்வதேச ஒத்துழைப்பு முகவரகத்தின் துணையுடன் 2014இல் நிறைவுற்ற ஆய்வு, கொழும்புக்கு மோனோறெயிலைப் பரிந்துரைத்தது. 2015இன் ஆட்சி மாற்றத்தின் பின் அது கைவிடப்பட்டு, கோட்டை முதல் மாலபே வரை ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தூரம் தூண்களின்மேற் செல்லும் இலகு புகையிரதம் ஏற்கப்பட்டது. 2019 மார்ச்சில் யப்பானுடன் கடன் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 2020 செப்டெம்பரில், கோத்தாபய ராஜபக்ச சனாதிபதியாக இருந்த காலத்தில், அதுவும் நிறுத்தப்பட்டது. செலவு மிக்கது, சிக்கனமான தீர்வன்று என்பதே கூறப்பட்ட காரணம். ஆறாண்டுக்குள் இரு திட்டங்கள் தோன்றி மறைந்தன. மாலபே வீதியில் பஸ்வண்டிக்குக் காத்து நின்றோர் நின்றவாறே நின்றனர்.

மோனோறெயிலின் தகுதியை முதற்கண் நடுவுநிலையோடு நோக்குவாம். அதன் இறப்பர்ச் சக்கரங்கள் செங்குத்தான ஏற்றத்திலும் ஏறவல்லன, ஓசையும் குறைவு. தூலம் ஒடுங்கியதாதலின் கீழுள்ள வீதியில் நிழலும் நெருக்கமும் குறையும். தோக்கியோவில் அது 1964 முதல் ஓடுகின்றது. மலையும் ஆறும் நிறைந்த சீனத்துச் சொங்கிங் நகரில் நாள்தோறும் பல இலட்சம் மக்களைச் சுமக்கின்றது. ஆகவே, அதனை வெறும் காட்சிப் பொருளென இகழ்தல் பொருந்தாது.

எனினும் அதன் குறைகள் சிறியன அல்ல. தடம் மாற வேண்டுமாயின் தூலத்தையே நகர்த்தல் வேண்டும். ஆதலின் கிளை பிரித்தல் அரிது. ஒரு நிறுவனத்தின் வண்டி பிறிதொரு நிறுவனத்தின் தூலத்தில் ஓடுவது பெரும்பாலும் இயலாது. எனவே, விற்றவரே உதிரிப்பாகத்துக்கும் புகலாவர். இடைவழியில் வண்டி நின்றுவிடின், தனியே நடைபாதை அமைக்கப்பட்டாலன்றிப் பயணிகள் கால்வைத்து இறங்க இடமில்லை.

இவை வெற்றச்சங்கள் அல்ல என்பதற்கு மும்பாய் சான்று. அங்கே 2014 பெப்ரவரியில் ஓடத் தொடங்கிய மோனோறெயில், 2019இல் ஏறத்தாழ 20 கிலோமீற்றராக நீண்டது. 2017இல் தீ விபத்தால் பல மாதம் முடங்கியது. 2025 ஆகஸ்ட் 19ஆந் திகதி பெருமழையில், 104 தொன்னுக்கு அமைக்கப்பட்ட வண்டி 109 தொன் சுமையோடு நடுவழியில் நின்றது. உள்ளே அகப்பட்ட 500க்கு மேற்பட்டோரைத் தீயணைப்புப் படையினர் ஏணி வைத்து மீட்டனர். அடுத்த மாதமே சேவை நிறுத்தப்பட்டது. மழை பெய்தால் மக்கள் கூட்டமாக ஏறுவர் என்பதை எண்ணாத தேர்வு அது.

பிற தடங்களோடு இணைதலின் பயனை அறிய வேற்றுநாடு செல்லவும் வேண்டா. களனிப் பள்ளத்தாக்குப் பாதை 2 அடி 6 அங்குல அகலத்தில் அமைக்கப்பட்டமையால், 5 அடி 6 அங்குல அகலமுடைய பெரும்பாதைகளினின்றும் ஒதுங்கிக் கிடந்தது. 1990களில் பெரும் பொருட்செலவில் அகலமாக்கப்பட்டது. 1927இல் திறக்கப்பட்ட நமது பாதையோ தொடக்கத்திலேயே பெரும்பாதையின் அகலத்தைப் பெற்றது. கோட்டையிற் புறப்படும் பெட்டி இடைமாறாது நம் துறைமுகத்தை அடையும் வாய்ப்பு அவ்வாறு வந்ததே.

இவ்வளவைகொண்டு நோக்கின், மோனோறெயிலைத் தவிர்த்து இலகு புகையிரதத்தை ஏற்றது தக்கதேயாம்; அதன் வண்டியைச் செய்து தருவோர் உலகிற் பலராதலின். அதனை நிறுத்தியது தக்கதா? கடன்சுமை மிக்க நாடு அஞ்சியது இயல்பே. 2022இல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்தவியலாது நின்றதும் நாம் அறிந்ததே. கட்டணம் ரூபாவில் வரும், கடன் யென்னில் தீரும் என்ற தடையும் மெய்யே. ஆயினும் 0.1 வீத வட்டியில், 12 ஆண்டுச் சலுகைக் காலம் உட்பட 40 ஆண்டில் திருப்பத்தக்க கடன் எளிதிற் கிடைப்பதன்று. செலவு மிகுதி என்பார், அதனினும் குறைந்த செலவில் அத்துணை மக்களை ஏற்றவல்ல வழியொன்றைக் காட்டியிருத்தல் வேண்டும். மாற்றுவழி காட்டாத மறுப்பு சிக்கனம் ஆகாது.

சென்னையிலும் இதுவே நிகழ்ந்தது. 2011இல் 111 கிலோமீற்றர் மோனோறெயில் அறிவிக்கப்பட்டது. ஒரு தூலமும் எழவில்லை. அதற்கென எண்ணப்பட்ட பூந்தமல்லி வழி பின்னர் மெற்றோத் திட்டத்தின் இரண்டாங் கட்டத்தில் அடங்கிற்று. பிழையான தேர்வினும், மாறிக்கொண்டேயிருக்கும் தேர்வு மக்களின் காலத்தை மிகுதியாக விழுங்குகின்றது.

திருக்கோணமலைக்கு இன்று தூண்மேற் செல்லும் தொடர்வண்டி வேண்டா. ஆனால் துறைமுகம் வளருங்கால் நகரும் சீனக்குடாவும் தம்பலகாமமும் ஒரே தொடராகும். அவற்றை இணைக்கும் தண்டவாளம் முன்னமே நிலத்திற் கிடக்கின்றது. அதன் இருமருங்கும் இரண்டாந் தடத்துக்கு வேண்டிய நிலத்தைக் கட்டடங்கள் கவர்ந்துகொள்ளாது காத்தலும், குறுந்தூர வண்டிகளை நேரந்தவறாது ஓட்டுதலும், நிலைய வாயிலிலேயே கிண்ணியா, நிலாவெளி பஸ்வண்டிகள் வந்து நிற்கச் செய்தலும் இன்றே இயலும் பணிகள். புதிய ஊர்தியைத் தேடுமுன் உள்ள ஊர்தியை முற்றும் பயன்கொள்வதே அறிவுடைமை. அங்ஙனம் பயன்கொண்டபின் எஞ்சும் தேவை எவ்வளவு என்பதே, வருங்காலத்தில் எவ்வூர்தி தக்கதென நமக்கு உணர்த்தும்.