தானாக எழும் ஸ்கிரிப்ட்: எந்த வழி நம்பகமானது?

நள்ளிரவில் மின்சாரம் போய்த் திரும்புகிறது. மூலையில் இருக்கும் ராஸ்பெர்ரி பை தானாக எழுந்து, வெப்ப உணரியைப் படித்து, நிமிடத்துக்கு ஒருமுறை அளவைச் சர்வருக்கு அனுப்ப வேண்டும். ஸ்கிரிப்டை ஓட்டிவிட அந்நேரத்தில் ஆள் இல்லை. லினக்ஸில் இதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன: ஆர்சி.லோக்கல் கோப்பு, கிரானின் @ரீபூட் வரி, சிஸ்டம்டி யூனிட். மூன்றையும் உரசிப் பார்க்க ஒரு கேள்வி போதும்: ஸ்கிரிப்ட் தவறினால் என்ன ஆகும்?

ஆர்சி.லோக்கலில் ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது. அந்த எளிமைதான் அதை இத்தனை ஆண்டுகள் காப்பாற்றியது. ஆனால் அதில் எழுதுவது, மாற்றிச் சொல்லாவிட்டால், ரூட் உரிமையில் ஓடும். முடிவின்றி ஓடும் ஸ்கிரிப்டைப் பின்னணிக்கு அனுப்ப மறந்தால் அடுத்த வரிக்கு முறையே வராது. கோப்புக்கு இயக்க அனுமதி இல்லையென்றால் சிஸ்டம்டி அதைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும்.

@ரீபூட் இதைவிட மேல். பயனர் தன் பெயரிலேயே, ரூட் உரிமை இல்லாமல் எழுதிக்கொள்ளலாம். ஆனால் கிரான் தரும் சூழல் மிகச் சிறியது. டெர்மினலில் ஓடிய கட்டளை, முழுப் பாதை கொடுக்காததால் இங்கே கிடைக்காமல் போகும். நெட்வொர்க் வந்துவிட்டதா என்றும் கிரான் பார்ப்பதில்லை. அதற்காக 'ஸ்லீப் 30' சேர்ப்பார்கள். ரவுட்டர் எழ 40 விநாடி ஆகும் நாளில் அது கைவிடும். ஸ்கிரிப்ட் பாதியில் செத்தால் அடுத்த ரீபூட் வரை எழாது.

2010-இல் லென்னார்ட் பொட்டரிங், கே சீவர்ஸ் இருவரும் தொடங்கிய சிஸ்டம்டி மீதான பெரிய குற்றச்சாட்டு, லாக், லாகின் என எல்லாவற்றையும் தானே இழுத்துப்போட்டுக்கொள்கிறது என்பது. டெபியன் லினக்ஸிலிருந்து டெவுவான் பிரிந்ததே இதனால்தான். குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ஆனால் நம் கேள்விக்கு முழுமையாகப் பதில் சொல்வது சிஸ்டம்டி ஒன்றே. எந்தப் பயனர் பெயரில் ஓட வேண்டும், எதற்குப் பிறகு தொடங்க வேண்டும், விழுந்தால் எழுப்ப வேண்டுமா என மூன்றையும் பத்து வரிக் கோப்பில் சொல்லிவிடலாம். ஏன் விழுந்தது என்பதை ஜர்னல்சிடிஎல் கட்டளை காட்டும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. 'ரீஸ்டார்ட்=ஆல்வேஸ்' என்று மட்டும் எழுதினால், இயல்பு அமைப்பில் 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை எழுப்பிப் பார்க்கும்; 10 விநாடிக்குள் 5 முறை தொடங்கியும் நிலைக்காவிட்டால் கைவிட்டுவிடும். சர்வர் ஒரு நிமிடம் படுத்தாலே நம் ஸ்கிரிப்டின் கதை முடிந்தது. 'ரீஸ்டார்ட்செக்=10' என்ற ஒரு வரி இதைத் தீர்க்கும்.

ஆகவே, தொடர்ந்து ஓட வேண்டியது எதுவானாலும் சிஸ்டம்டி யூனிட்டாக எழுதுங்கள். ஒருமுறை ஓடி முடியும் சொந்தச் சிறுவேலைக்கு @ரீபூட் போதும். ஆர்சி.லோக்கலில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். யூனிட்டை எழுதியதும் ரீபூட் செய்து, ஓடும் ஸ்கிரிப்டை நீங்களே ஒருமுறை கில் செய்து பாருங்கள். பத்து விநாடியில் அது திரும்பி எழுந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.