இவெத் கில்பெரின் கையெழுத்து

தலையில்லாத ஒரு பெண் மேடையில் நிற்கிறார். பாரிஸின் 'திவான் ஜபோனே' கபரேவுக்காக துலூஸ்-லொத்ரெக் 1893இல் வரைந்த கல்லச்சுச் சுவரொட்டி அது. முன்னால் கறுப்பு உடையில் பார்வையாளராக அமர்ந்திருப்பவர் நடனக் கலைஞர் ழான் அவ்ரில். மேடையில் இருப்பவரின் தலையைத் தாளின் மேல்விளிம்பு வெட்டிவிடுகிறது. முழங்கைக்கு மேலேறும் கறுப்புக் கையுறைகள் போதும், அவர் பாடகி இவெத் கில்பெர் என்று கண்டுகொள்ள.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் இந்தப் படத்தைக் காட்டி, பாடுகிறவளின் வாயையே வெட்டிய ஆண் பார்வை என்று பேசினேன். கைதட்டலும் கிடைத்தது. இன்று அந்த வாசிப்பு எனக்குப் போதவில்லை. கையுறைகள் ஓவியர் மாட்டிவிட்டவை அல்ல. கில்பெர் தானே தேர்ந்து தன் அடையாளமாக்கிக் கொண்டவை. முகமே இல்லாமல் ஊர் தன்னை அறியும்படி செய்துவிட்ட ஒருவரை வெறும் பலியாக எப்படி எழுதுவது?

முகம் வரும்போதுதான் சிக்கல். 1894இல் லொத்ரெக் காட்டிய சுவரொட்டி மாதிரியை கில்பெர் ஏற்கவில்லை. இத்தனை விகாரமாக என்னை வரையாதீர்கள் என்ற பொருளில் கடிதம் எழுதினார். அதே ஆண்டில், குஸ்தாவ் ழெஃப்ருவாவின் கட்டுரையோடு, அவரைப் பற்றிய 16 கல்லச்சுப் படங்கள் பச்சை மையில் தொகுப்பாக வெளிவந்தன. மேல்நோக்கிய மூக்கு, துருத்திய தாடை, இழுபடும் உதடு. கில்பெருக்கு வயது 29. சில படங்களில் கிழவியாகத் தெரிகிறார்.

இதை 'இரக்கமற்ற உண்மை' என்று மெச்சுவது வழக்கம். அதே கை 1892இல் பாடகர் அரிஸ்தித் ப்ருவானை வரைந்தது: அகன்ற தொப்பி, சிவப்புக் கழுத்துத்துணி, மலைபோல ஒரு மேலங்கி. அதுவும் மிகைதான். ஆனால் அந்த மிகை அவரைப் பெரிதாக்குகிறது. அரங்கை நடத்தியவர் தயங்கியபோது ப்ருவானே பிடிவாதம் பிடித்து அதை ஒட்டவைத்தார். ஏன் மாட்டார்?

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ப்ருவான் வாய் மூடி நிற்கிறார்; கில்பெர் வேலை செய்துகொண்டிருக்கிறார். உடலை அசைக்காமல், முகத்தாலும் சொல்லாலும் பச்சையான கேலிப் பாடல்களை நிகழ்த்துவது அவர் கலை. முகத்தைக் கோணுவது அதில் ஒரு கருவி. அந்த உதடு ஏதோ ஓர் அசையின் நடுவில் இருக்கிறது. அழகா விகாரமா என்று வாதிடுகிற நாம் உழைப்பைப் பார்க்கத் தவறுகிறோம். நானும் தவறினேன்.

அந்தத் தொகுப்பின் 100 பிரதிகளிலும் கில்பெர் கையெழுத்திட்டார். சம்மதமா, சமாளிப்பா, விலை ஏறும் என்ற கணக்கா? மூன்றும் இருக்கலாம். நான் கவனிப்பது வேறொன்றை. தைலவண்ண ஓவியம் ஓர் அறைக்குள் தங்கிவிடும். கல்லில் கொழுப்புக் குச்சியால் ஒருமுறை வரைந்தது தாள் தாளாகப் பெருகி வெளியே போகும். சுவரொட்டி தெருவுக்கு, அது அவருக்குச் சோறு போடுகிற முகம், அதை விட்டுத்தரவில்லை. தொகுப்பு சேகரிப்பாளர்களுக்கு, அங்கே தன் பெயரை ஓவியர் பெயரோடு சேர்த்துவிட்டார். எந்த முகம் எங்கே போகும் என்று தீர்மானிக்க முயன்ற ஒரு பெண்ணை இதில் பார்க்கிறேன். முழுதாக வென்றார் என்று சொல்லவில்லை.

ழான் அவ்ரிலுக்கு வருகிறேன். பதின்வயதில் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் இருந்தவர் அவர். நரம்பு மருத்துவர் ஷார்க்கோ, நோயாளிப் பெண்களைப் பார்வையாளர்கள் முன் நிறுத்திப் பாடம் நடத்திய இடம் அது. 1899இல் தனக்கான சுவரொட்டியைத் தானே கேட்டு வரையவைத்தார். 1893இல் 'லெஸ்தாம்ப் ஒரிழினால்' என்ற அச்சோவிய வெளியீட்டின் அட்டையில் லொத்ரெக் அவரை மேடையில் காட்டவில்லை, அச்சகத்தில் நிறுத்தினார். முதிய அச்சுக்காரர் பின்னால் இயந்திரத்தை இயக்கிக்கொண்டிருக்கிறார். அவ்ரில் தொப்பியோடு நின்று, அப்போதுதான் வந்த ஒரு தாளைக் கையில் பிடித்துப் பார்க்கிறார், பிழைதிருத்துகிறவரைப் போல.