அடுத்தவர் பாரில் குளித்தவர்கள்: இந்தியக் கன்சோல் விளையாட்டுகளின் கதை

தூத்துக்குடியில் கடைசி முத்துச் சலாபம் 1961இல் நடந்தது. சிப்பி விளையும் கடலடித் திட்டான பார் அரசுடையது. குளியாளி மூச்சடக்கி அள்ளி வந்த சிப்பியில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குதான் அவருக்கு. மீதி, வாய் திறக்காமலே ஆயிரக் கணக்கில் ஏலம் போகும். கன்சோல் விளையாட்டுத் தொழிலின் கணக்கும் ஏறக்குறைய இப்படித்தான். கருவியை விற்கும் நிறுவனமே பாருக்கு உடையவர். எந்த விளையாட்டு வெளிவரலாம் என்பதை அவரே தீர்மானிக்கிறார். இந்தியாவில் இத்தொழில் நடந்த வழியை இந்த உடைமையை ஒதுக்கிவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

வழக்கு பழையது. அமெரிக்காவின் அட்டாரி 1977இல் வெளியிட்ட விசிஎஸ் கருவிக்குப் பெரும்பாலும் ஒரு விளையாட்டை ஒருவரே எழுதினார். பெட்டியில் அவர் பெயர் இராது. வாரன் ராபினெட் தன் 'அட்வெஞ்சர்' விளையாட்டில் ஒரு ரகசிய அறை வைத்தார். கண்ணுக்கு எளிதில் படாத சாம்பல் நிறப் புள்ளி ஒன்றைத் தேடி எடுத்து வந்தால்தான் அதற்குள் நுழையலாம். உள்ளே அவர் பெயர் இருந்தது. பெயரும் பங்கும் கிடைக்காத நான்கு நிரலாளர்கள் 1979இல் அட்டாரியை விட்டு வெளியேற, ஆக்டிவிஷன் நிறுவனம் பிறந்தது.

நம் வீடுகளுக்கு 'டிவி கேம்' பரவலாக வந்தது தொண்ணூறுகளில். நிண்டெண்டோ கருவி 'சாமுராய்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தாலும், ஊரெல்லாம் பரவியவை மலிவான நகல் கருவிகளும், ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாக மேலட்டையில் புளுகிய கேசட்டுகளும்தான். ஆட ஆள் இருந்தது; அசலை விலை கொடுத்து வாங்கும் சந்தை இல்லை. அதனால் ராஜேஷ் ராவ் 1997இல் பெங்களூரில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ், வெளிநாட்டு விளையாட்டுகளுக்கு வேண்டிய உருவங்களைச் செய்து கொடுத்து நிலைபெற்றது. மைக்ரோசாஃப்டின் 'ஃபோர்ட்சா' பந்தயக் கார்களில் அதன் கைவேலை உண்டு. 2019இல் வெளிநாட்டு விளையாட்டு நிறுவனமான ராக்ஸ்டார் அதை வாங்கிக்கொண்டது.

முழு விளையாட்டு செய்யும் வாய்ப்பு 2009இல் வந்தது. ஹைதராபாத்தின் ஆரோனா டெக்னாலஜீஸ் பிளேஸ்டேஷன் 2க்கு 'ஹனுமான்: பாய் வாரியர்' செய்தது; சோனி வெளியிட்டது. அதே ஆண்டில் அதே ஊரின் கேம்சாஸ்த்ரா, கபடியையும் பட்டம் விடுவதையும் 'தேசி அட்டா'வில் கொண்டுவந்தது. ஹனுமானுக்கு விமர்சகர்கள் தந்த மதிப்பெண் குறைவு. தெய்வத்தைப் பொத்தான் அழுத்தி ஆட்டுவிப்பதா என்று எதிர்ப்பும் கிளம்பியது.

காலத்தையும் பார்க்க வேண்டும். பிளேஸ்டேஷன் 2 வந்தது 2000இல். அடுத்த கருவி 2006இலேயே வந்துவிட்டது. பழைய கருவியின் நினைவகம் 32 எம்பி, படத்துக்கென 4 எம்பி. அதன் இரண்டு துணைச் செயலிகளுக்குத் தனித்தனியே நிரல் எழுதினால்தான் முழு வேகம் கிடைக்கும். ஜப்பானிய ஸ்டுடியோக்கள் பல ஆண்டுகளாகப் பழகியதை ஹைதராபாத்காரர்கள் முதல் விளையாட்டிலேயே கற்க வேண்டியிருந்தது. கை பழகும் முன்பே, 2013 தொடக்கத்தில் கருவியின் உற்பத்தியே நின்றது.

விளையாட்டுகளை உருவாக்க உதவும் அன்ரியல் போன்ற பொது எஞ்சின்களும் இணையக் கடைகளும் பரவலான பிறகு நிலைமை மாறியது. புனேயின் நாடிங் ஹெட்ஸ் 2020இல் 'ராஜி'யை நிண்டெண்டோ ஸ்விட்ச்சில் வெளியிட்டது. டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023இல் 'வெண்பா'வைத் தந்தது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை அது. அம்மாவின் சமையல் குறிப்பேடு சிதைந்து கிடக்கிறது. விட்டுப்போனதை ஆடுபவர் ஊகிக்க வேண்டும். முதல் புதிரே இட்லி: ஆவி மேலேறும்படி தட்டுகளை எப்படி அடுக்குவது? நம் அடுக்களைகளில் யாரும் எழுதிவைக்காத அறிவு அங்கே ஆட்டமாகிவிட்டது. 2024இல் அதற்கு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக விளையாட்டு விருது கிடைத்தது.

கபடியை ஆட்டமாக்கியவர்களும் உள்ளூர்ப் பொருளைத்தான் தேடினார்கள்; அவர்களுக்குக் கிடைக்காதது அவகாசம். 2022இல் மத்திய அரசு அனிமேஷன், கேமிங் துறைகளுக்குப் பணிக்குழு அமைத்ததிலிருந்து வேலைவாய்ப்புப் பேச்சு பெருகியிருக்கிறது. எத்தனை பேருக்கு வேலை என்று கேட்கும் அதே மூச்சில், செய்த விளையாட்டின் உரிமை யார் கையில் இருக்கும் என்றும் கேட்க வேண்டும். அதற்கு விடை இல்லாவிட்டால் துருவாவைப் போலத் திறமையை வளர்ப்போம், வளர்ந்ததும் விற்போம்.