திலகவதியார் கேளாத வினா

அன்பே வடிவான இறைவன் ஒருவன் உளனாயின், குற்றமற்றோர் துன்புறுதல் எங்ஙனம்? இவ்வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஒரு மனையில் சாப்பறையும் மற்றொரு மனையில் மணமுழவும் ஒருங்கே ஒலிக்கும் உலகைப் படைத்தவன் பண்பற்றவனே என்று புறநானூற்றின் 194ஆம் பாடலில் துணிந்துரைத்தார் பக்குடுக்கை நன்கணியார். வள்ளுவப் பெருந்தகையோ 1062ஆம் குறளில், பிச்சையெடுத்தும் ஒருவன் உயிர்வாழ வேண்டுமென விதித்தவன் தானும் அலைந்து கெடட்டும் என்று சபித்தே விட்டார்.

நன்கணியார் கூறும் இருவகை ஒலியையும் நான் நெருளில் கேட்டதுண்டு. பெற்றோரை இழந்த என்னைத் தம் வாழ்வை ஒதுக்கிவைத்து வளர்த்த தமக்கையார், விநாயகர் விழா நாளொன்றில் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் காலமானார். கீழே முற்றத்தில் டோலும் தாசாவும் அதிர்ந்துகொண்டிருந்தன. துக்கம் கேட்க வந்த பெரியவர் ஒருவர், “எல்லாம் முன்வினை, தம்பி. ஆண்டவன் நல்லவர்களைத்தான் சோதிப்பான்” என்றார். அன்போடுதான் சொன்னார், ஆயினும் அச்சொல் என் நெஞ்சில் இறங்கவில்லை. அதன்பின்னரே பெரியபுராணத்தை மீண்டும் கையிலெடுத்தேன்.

திருநாவுக்கரசரைப் பற்றிய சூலைநோய், அவரை ஆட்கொள்ள இறைவன் கையாண்ட கருவி என்பது சேக்கிழார் காட்டும் விடை. விடை அழகியது, ஐயமில்லை. ஆனால் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டினர். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகட்கு முன்னர்த் திருவதிகையில் நாவரசர் பாடிய முதற்பதிகத்தில் இவ்விடை இல்லை. நோய் கூற்றுவனைப்போல் வருத்துகின்றது, தாம் செய்த கொடுமைகளை அறியேன், இதனை விலக்கியருள்க என்று குடல் துடிக்க முறையிடும் ஒரு மனிதரையே அங்குக் காண்கிறோம். (இவ்வரலாற்றைச் சமணரை இழித்துரைக்கவே எடுத்தாள்வோர் உளர். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வயிற்றுவலி எச்சமயத்தார்க்கும் ஒன்றுதானே!)

அன்பர்கள் ஈண்டு நோக்க வேண்டியது தமக்கையார் திலகவதியாரின் நிலை. தந்தை புகழனார் நோயுற்று மறைந்தார். தாய் மாதினியார் உடன் சென்றார். மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்ட செய்தியும் பின்தொடர்ந்து வந்தது. தாமும் உயிர்விடத் துணிந்த அம்மையாரின் அடிகளில் வீழ்ந்து தம்பி அழுதான். அவன்பொருட்டே அவர் உயிர் தாங்கினார். பின்னர் அத்தம்பியும் அவரை விட்டு நீங்கி வேறு சமயம் புகுந்தது நாமறிந்ததே.

அவர் கனவில் இறைவன் தோன்றுகிறான். தம்பியின் முற்பிறவித் தவத்தைச் சொல்கிறான். சூலை தந்து ஆட்கொள்வோம் என்கிறான். கலிப்பகையாரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அம்மையாரும் கேட்டாரில்லை. தம்பியின் துன்பத்திற்குக் காரணம் காட்டும் காப்பியம் தமக்கையின் துன்பத்திற்குக் காரணம் காட்டாது கடந்துவிடுகின்றது. அறுபத்துமூவர் வரிசையிலும் அவர் பெயர் இல்லை.

இதனைச் சேக்கிழாரின் குறை என்பதா? நான் அவ்வாறு கருதவில்லை. முன்வினை என்னும் விடை அவர் கைக்கெட்டிய தொலைவிலேயே இருந்தது. எடுத்து அம்மையார்மீது சுமத்தியிருக்கலாம். சுமத்தினாரல்லர். அதுபற்றியே அவர்மீது எனக்கு மதிப்பு மிகுகின்றது. திலகவதியாரைப் பொறுமையின் இலக்கணம் என்று மேடைகளில் போற்றுவாரின் கூற்றையும் நான் ஏற்கவில்லை. அவரை வாழவைத்தது எந்தத் தத்துவமும் அன்று, தம்பியின் அழுகை. நன்கணியாரின் குற்றச்சாட்டை இவ்வரலாறு மறுத்துவிட்டது என்றும் கூறேன். அக்குற்றச்சாட்டு அப்படியே நிற்கிறது. ஒரே வேறுபாடு, அங்கே படைத்தவனை நோக்கிப் பேசுகிறார் ஒருவர். இங்கே ஒருவர் பேசாமலே தம் பணியைச் செய்கிறார்.

சூலை தாளாது இரவில் வந்து அடிவீழ்ந்த தம்பியைத் திலகவதியார் ஒன்றும் கடிந்துரைக்கவில்லை. திருநீறு தருகிறார். பொழுது புலருமுன் திருவலகும் மெழுகும் தோண்டியும் எடுத்துக்கொண்டு, நாடோறும் செய்தவாறே கோயில் வாயிலைத் துப்புரவு செய்யப் புறப்படுகிறார். நோயோடு தம்பி பின்னே நடக்கிறார்.